மெஸ் செயலாளரிலிருந்து நான் முதல்வன் வரை

1970-களின் நடுவில் ஒரு தாலுகா ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையனுக்கு அடுத்து என்ன செய்வது என்று யாரும் வகுப்பெடுக்கவில்லை, ஊரே சொல்லிவிடும். முதலில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு. அப்புறம் டைப்ரைட்டிங் லோயர். முடிந்தால் ஹையர், கூடவே ஷார்ட்ஹேண்ட். நடுநடுவே டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கி என்று எந்த அறிவிப்பு வந்தாலும் ஒரு மனு. கைவேலையில் நாட்டம் இருந்தால் ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர், டர்னர், வயர்மேன். அன்றைய எதிர்காலத் திறன்களின் முழுப் பட்டியலும் இவ்வளவுதான். அதை ஒப்பித்தவர்கள் அப்பாவின் சிநேகிதர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, முந்தின வருஷம் ஹையர் பாஸ் செய்த எதிர்வீட்டு அண்ணன்.

இன்று அதே ஊர்ப் பிள்ளைக்கு அந்தப் பட்டியலை அரசே இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு, தரவுப் பகுப்பாய்வு, மின்வாகனத் தொழில்நுட்பம், வங்கி நிதிச் சேவை என்று அது நீள்கிறது. அவற்றோடு அன்றைக்கு எந்தப் பட்டியலிலும் இல்லாத சில பாடங்களும் சேர்ந்திருக்கின்றன: தலைமைப் பண்பு, குழுவாகச் செயல்படுதல், பேச்சுத் திறன், நேர்காணலை எதிர்கொள்ளுதல்.

தட்டச்சு போய்க் கணினி வந்த கதையை எல்லோரும் பேசியாகிவிட்டது. இன்னொரு மாற்றம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. அன்று தொழில் திறனுக்கு வகுப்பு இருந்தது. தலைமைக்கு வகுப்பு கிடையாது, பொறுப்பு இருந்தது. இன்று தலைமைக்கும் வகுப்பு வந்துவிட்டது. பொறுப்புதான் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

சுண்டுவிரல் பயிற்சி

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பெரும்பாலும் கடைவீதியில் ஒரு மாடியில் இருக்கும். படியேறும்போதே சத்தம் காதை அடைக்கும். ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ் என்று விதவிதமான மிஷின்கள். இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறி செய்ய கோத்ரெஜ் தொடங்கியது 1955-ல். ஒரு மணி நேரம் ஒரு பேட்ச். முதல் நாளில் ஏ, எஸ், டி, எஃப் என்று இடது கை. பிறகு செமிகோலன், எல், கே, ஜே என்று வலது கை. பக்கம் பக்கமாக அதையேதான் அடிக்க வேண்டும்.

அடித்த தாளை மாஸ்டர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். 'ஏ' எழுத்து மட்டும் மங்கலாக விழுந்திருந்தால் சுண்டுவிரலில் பலம் இல்லை என்று தெரிந்துவிடும். மங்காமல் அழுத்தமாக விழுந்திருந்தாலோ, பையன் சுண்டுவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலால் குத்தியிருக்கிறான் என்று அர்த்தம். இரண்டுக்கும் திட்டு உண்டு. எழுத்தின் அழுத்தத்தைப் பார்த்தே விரலைச் சொல்லும் அந்தக் கண்டிப்பில்தான் நிமிடத்துக்கு 30 வார்த்தை என்ற லோயர் வேகமும், 45 என்ற ஹையர் வேகமும் வந்தன. தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் தேர்வு. அந்தச் சான்றிதழுக்கு அரசு அலுவலகம் முழுவதும் மதிப்பு. 1975-ல் ஹையர் முடித்தவர் அதே வேகத்தை வைத்துக்கொண்டு ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தார். ஒருமுறை கற்றால் ஆயுளுக்கும் போதும் என்ற உத்தரவாதம் அந்தத் திறனுக்கு இருந்தது.

காத்திருப்பதும் அன்றைய தயாரிப்பில் ஒரு பகுதி. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ல் சட்டம் வந்திருந்தது. பதிவு மூப்புப்படி கார்டு வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடும் என்ற பயத்தில், அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைத்த வீடுகள் ஏராளம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு இன்டர்வியூ கார்டு வந்தவர்களும் உண்டு. காத்திருந்த அந்த வருடங்களில் இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் தலைமையின் கதை இருக்கிறது.

மாதக் கடைசியில் ஒரு விசாரணை

மாலையில் அவர்கள் போன இடங்கள் படிப்பகம், கிளை நூலகம், ரசிகர் மன்றம், விளையாட்டுக் குழு. பொது நூலகங்களுக்கென்று சுதந்திர இந்தியாவில் முதலில் சட்டம் போட்டது அன்றைய மதராஸ் மாகாணம், 1948-ல். அரசு நூலகம் எட்டாத தெருவில் கட்சிப் படிப்பகம் இருந்தது. கூரைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, அன்றைய நாளிதழ். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள்; பிறகு வாக்குவாதம். மேடையில் பேசியவர்களில் பலர் முதலில் பேசிப் பழகியது அந்த பெஞ்சில்தான்.

ரசிகர் மன்றத்தை இன்றைக்குக் கேலியாகப் பார்ப்பது சுலபம். ஆனால் அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகள் இருந்தன. வசூல் செய்ய ரசீதுப் புத்தகம் அடித்தார்கள். மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். காவல் நிலையத்தில் அனுமதிக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். விழா முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் ஒட்டினார்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது, அந்தக் கட்சி ஊர் ஊராக உடனே வேர் பிடித்ததற்கு இந்த மன்றங்கள் ஏற்கெனவே ஓர் அமைப்பாக இயங்கிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

கல்லூரிக்குள் மாணவர் பேரவைத் தேர்தல். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை மாநிலம் முழுக்க நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன், இரண்டே ஆண்டுகளில் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்தத் தலைமுறை மாணவர் தலைவர்கள் பலர் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். யாருக்கும் தலைமைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லை.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பரில் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. தொடங்கும்போது 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்கள். இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, அதோடு ஒரு முகாம். தத்தெடுத்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படுக்கை. பகலில் ஊருணி தூர்வாருவது, பாதைக்கு மண் கொட்டுவது. ராத்திரி கலை நிகழ்ச்சி. நகரத்துப் பையன் மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று ஊர்க்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், அரிசி தீர்ந்துபோன இரவில் அடுத்த வேளைக்கு என்ன வழி என்று யோசித்ததும் அங்கேதான்.

இவை எல்லாவற்றையும்விடக் கறாரான பள்ளிக்கூடம் ஒன்று கல்லூரி விடுதிக்குள் இருந்தது. அதன் பெயர் டிவைடிங் சிஸ்டம். பல விடுதிகளில் சாப்பாட்டுக்கு நிர்ணயித்த கட்டணம் கிடையாது. மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, மாணவர்கள் சாப்பிட்ட நாட்களின் மொத்தக் கணக்கால் வகுத்தால் ஒரு நாள் ரேட் வரும். அவரவர் சாப்பிட்ட நாளுக்குப் பணம் கட்ட வேண்டும். வார்டன் மேற்பார்வை பார்ப்பார். அரிசி, பருப்பு, காய்கறி வாங்குவதும், ஸ்டாக் நோட்டு எழுதுவதும், சமையல்காரரோடு மல்லுக்கு நிற்பதும் மாணவர்கள் தேர்ந்தெடுத்த மெஸ் செயலாளரின் பாடு.

விடிவதற்கு முன் மார்க்கெட்டுக்குப் போகிறவர் அவர். கத்திரிக்காய் மூட்டையின் மேல்பக்கம் பளபளப்பாகவும் அடியில் சொத்தையாகவும் இருக்கும் என்பதை முதல் வாரத்தில் ஏமாந்து கற்றுக்கொள்வார். மளிகைக் கடைக்காரர் கடன் தருவார். ஆனால் கிலோவுக்கு எத்தனை காசு ஏற்றியிருக்கிறார் என்று பக்கத்துக் கடையில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி கொஞ்சம் தாராளமாகப் போனால் மாதக் கடைசியில் ரேட் எகிறும். கறியைக் குறைத்தால் அன்றைக்கே சண்டை.

மாதம் முடிந்ததும் பில் விவரம் அறிவிப்புப் பலகையில் ஏறும். பலகையைச் சுற்றிக் கூட்டம். போன மாதத்தைவிட ஒரு நாளைக்கு ஐம்பது காசு கூடியிருந்தால், எண்ணெய் டின் ஏன் இத்தனை, விறகுக்கு ஏன் இவ்வளவு, ஊருக்குப் போன நாட்களை ஏன் கழிக்கவில்லை என்று கேள்வி மேல் கேள்வி. அங்கே நின்று பதில் சொல்கிறவனுக்கு வயது பத்தொன்பதோ இருபதோ இருக்கும். பதில் சரியில்லை என்றால் அடுத்த முறை ஓட்டு விழாது. சரியாகச் சொல்லிவிட்டாலும் மறுநாள் காலை அதே முகங்களுக்கு எதிரில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட வேண்டும். கொள்முதல், கணக்கு, பேரம், சமாதானம், பொறுப்பேற்பு என்று இன்றைய மேலாண்மை வகுப்பில் தனித்தனிப் பாடமாக வருவதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் அவன் தலையில் ஏறிவிடும்.

உள்ளே வராதவர்கள்

இதை ஏக்கத்தோடு மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. படிப்பகத்து பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. மன்றத்துப் பொருளாளராக ஒரு பெண் இருந்த ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊர்த்தெருவில் இருந்த கொட்டகைக்குள் சேரிப் பையன் தயங்காமல் நுழைய முடியாத இடங்கள் பல. அதனாலேயே சேரிகளில் தனியாக அம்பேத்கர் மன்றங்கள் எழுந்தன. பேரவைத் தேர்தலில் சாதியும் வெளிக் கட்சியும் பணமும் புகுந்தன. அடிதடியில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. டைப்ரைட்டிங் மாதக் கட்டணத்தைக்கூடக் கட்ட முடியாமல் நின்றவர்கள் உண்டு. முக்கியமாக, இத்தனை பொறுப்புகளும் கல்லூரி வரை வந்துவிட்ட சிறு கூட்டத்துக்கே கிடைத்தன.

அந்தக் கதவை அகலத் திறந்த இயக்கங்களில் ஒன்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அறிவொளி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்த வேண்டிய தொண்டர்களில் இளம் பெண்கள் நிறைய. பஸ்ஸுக்கோ அண்ணனுக்கோ காத்திருக்காமல் போய்வர அவர்களுக்கு சைக்கிள் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு மிதித்தார்கள். அதற்கும் பெண் தலைமைத்துவப் பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை. பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லித்தரும் வேலையைக் கொடுத்தார்கள். வேலை மற்றதை இழுத்துக்கொண்டு வந்தது.

பழைய ஏணி சாய்ந்த விதம்

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நின்றுவிடாமல், பத்திரிகை விளம்பரம் மூலமும் விண்ணப்பங்களை அழைக்க வேண்டும் என்று ஆந்திர மாநில வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்னது. பெட்டிக்குள் பூட்டி வைத்த மூப்பு அட்டையின் மவுசு அத்தோடு குறையத் தொடங்கியது. 1997-ல் தமிழகம் தகவல் தொழில்நுட்பக் கொள்கையை அறிவித்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. கோத்ரெஜ் 2009-ல் தட்டச்சுப்பொறி தயாரிப்பதை நிறுத்தியது.

புதிய நிறுவனங்கள் மூப்பைக் கேட்கவில்லை. கேம்பஸுக்கு வந்து எழுத்துத் தேர்வு வைத்தன. பிறகு குழு விவாதம், அதற்குப் பிறகு நேர்காணல். எழுத்தில் தேறிய பிள்ளைகள் குழு விவாதத்தில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். கணக்கு தெரியும், நிரல் எழுதத் தெரியும், ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் கோவையாகப் பேச வராது. வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடுத்தவர் பேச்சை மறித்துத் தன் கருத்தைச் சொல்ல, கிராமத்துப் பள்ளியில் யாரும் பழக்கியிருக்கவில்லை. தமிழில் பட்டிமன்றம் பேசிப் பரிசு வாங்கியவன்கூட அங்கே வாயடைத்துப் போனான். சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சியாளர் என்ற புதுத் தொழில் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான். தலைமை வகுப்பறைக்குள் பாடமாக நுழைந்ததும் அந்த வழியாகத்தான்.

இன்னொரு பக்கம் பொறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வன்முறைக்குப் பயந்த கல்லூரிகள் தேர்தலைக் கைவிட்டன. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஏற்று மாணவர் தேர்தல்களை முறையாக நடத்த உச்ச நீதிமன்றம் 2006-ல் வழிகாட்டியும், தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் பேரவை நிர்வாகிகளைத் துறைத் தலைவர்கள்தான் நியமிக்கிறார்கள். விடுதிச் சாப்பாடு கான்ட்ராக்டருக்குப் போனது. கல்லூரி விழாவை ஈவென்ட் மேனேஜ்மென்ட் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். படிப்பகக் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது.

இன்றைய கூடம்

2022 மார்ச் 1-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்பது இலக்கு. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் பாடங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கிரெடிட்டோடு வந்திருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு என்ன படிக்கலாம் என்று சொல்ல 'கல்லூரிக் கனவு'. எங்கேயும் சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப்போக 'உயர்வுக்குப் படி'. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகை. ஐ.டி.ஐ.-களும் பழைய லேத் பட்டறையாக நின்றுவிடவில்லை. 71 அரசு ஐ.டி.ஐ.-களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் ஒப்பந்தம் 2022-ல் போடப்பட்டது. ரோபோவும் மின்வாகனமும் அங்கே பயிற்சிக்கு வந்தன.

இதன் அருமை யாருக்குப் புரியும் என்றால், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்குப் புரியும். நேர்காணலில் எப்படி உட்கார்வது, மின்னஞ்சலில் என்ன எழுதுவது, எந்தப் படிப்புக்கு என்ன வேலை என்ற சூட்சுமங்கள் அன்று சில வீடுகளுக்குள் மட்டும் புழங்கின. அப்பா ஆபீசர் என்றால் பிள்ளைக்குத் தானாகத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். அந்த ரகசியத்தைப் பொதுவில் போட்டு உடைத்தது வகுப்புதான். உயர்கல்வியில் சேரும் விகிதம் 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4. அந்த 47-ல் பெரும்பகுதிக்கு வழிசொல்ல எதிர்வீட்டு அண்ணன் கிடையாது. மாடி இன்ஸ்டிட்யூட்டுக்குப் பணம் கட்ட முடியாமல் நின்ற பையனின் பேத்தி இன்று கட்டணமில்லாமல் மேகக் கணிமை படிக்கிறாள்.

ஆனால் திறனின் ஆயுள் சுருங்கிவிட்டது. உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கையில், இன்றைய முக்கியத் திறன்களில் 39 சதவீதம் 2030-க்குள் மாறிவிடும் அல்லது காலாவதியாகிவிடும் என்று நிறுவனங்கள் கணித்திருக்கின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, அந்த ஆண்டு பாடத்திட்டத்தில் புதிதாகச் சேர்த்த நிரலாக்கப் பாடங்களுக்கே வயதாகத் தொடங்கியது. அதே அறிக்கையில் நிறுவனங்கள் மிகவும் தேடும் திறன்களின் வரிசையில் பகுத்தாயும் சிந்தனை முதலிடம். தாக்குப்பிடிக்கும் நெகிழ்வு இரண்டாவது. தலைமையும் பிறரை இணங்கவைக்கும் ஆற்றலும் மூன்றாவது. மூன்றுமே கணினித் திரையில் பார்த்துத் தேர்வெழுதி வாங்க முடியாதவை.

அவற்றை நாம் எப்படிச் சொல்லித்தருகிறோம்? ஒரு பிற்பகல் நேரத்துக் கருத்தரங்கக் கூடம். இருநூறு மாணவர்கள். வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் மைக்கைப் பிடித்து எல்லோரையும் கைதட்டவைக்கிறார். ஐந்து பேருக்கு ஒரு குழு. குழுவுக்குப் பழைய செய்தித்தாள் கொஞ்சம், செலோ டேப் ஒன்று. பதினைந்து நிமிடத்தில் உயரமான கோபுரம் கட்ட வேண்டும். ஏற்கெனவே வாய் உள்ள பையன் கட்டளையிடுகிறான். ஓரத்தில் ஒரு பெண் டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நேரம் முடிந்ததும், உங்களில் யார் தலைவர் என்ற கேள்வி, சிரிப்பு, திரையில் நான்கு வகைத் தலைவர்கள் பற்றிய படம். வருகைப் பதிவு. சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். கோபுரங்கள் குப்பைக் கூடைக்குப் போகின்றன.

இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூச்சம் கொஞ்சம் விலகும். முதன்முதலாக மைக்கில் பெயரைச் சொன்ன சந்தோஷம் சிலருக்கு நெடுநாள் நிற்கும். ஆனால் கோபுரம் விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை நம்பி யாரும் சாப்பிடக் காத்திருக்கவில்லை. பணம் யாருடையது என்று கேட்பவர் இல்லை. டேப் கிழித்துக் கொடுத்த பெண்ணுக்குத் திங்கட்கிழமை வந்து முடிக்க வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. விடுதிப் பலகையின் முன் நின்ற அந்தப் பையனுக்கு இருந்தது.

திறமை எங்கும் போய்விடவில்லை

இந்தத் தலைமுறைக்குப் பொறுப்பேற்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் 2015 டிசம்பர் சென்னையை மறந்திருக்க வேண்டும். வெள்ளம் சூழ்ந்த நாட்களில் எந்தத் தெருவுக்குப் பால், எந்த மாடிக்கு மருந்து, எங்கே படகு என்று செல்போனிலேயே பட்டியல் போட்டு, சரிபார்த்து, ஆளனுப்பியவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக ஒரு வாரம் கூடிய கூட்டம் தனக்கென்று ஒரு தலைவரைக் காட்டவில்லை. ஆனால் சாப்பாடு பங்கிட, குப்பை அள்ள, போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஆட்கள் தாமாகவே முன்வந்தார்கள். வேலை எதிரில் வந்து நின்றால் அதை எடுத்துச் செய்யும் ஆற்றல் இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் அந்த வேலையைக் கொடுக்கும் இடங்களைத்தான் மூடிவிட்டோம்.

அரசுத் திட்டங்களிலேயே இதற்குச் சான்று உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் தெருப் பிள்ளைகள் இருபது பேரை ஓரிடத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டும். இடம் தேடுவது தன்னார்வலரின் வேலை. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய், அம்மாவிடம் பேசி, கையோடு கூட்டி வருவதும் அவர் வேலை. கூட்டல் வராத பிள்ளைக்கு அடுத்த வாரமாவது வருகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. திட்டத்தின் பெயரில் தலைமை என்ற சொல்லே கிடையாது. அந்தத் தெருவில் அந்தப் பெண்ணுக்கு ஒரு மரியாதை வந்தது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் அவள் எழுந்து பேசினால் கேட்பதற்கு ஆள் இருந்தது.

பஞ்சாயத்து என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 21 வயது நிரம்பிய யாரும் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கலாம். தமிழகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி 2016 சட்டத் திருத்தத்தால் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தெருவிளக்கு எரியவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறவருக்குப் பதில் சொல்வதைவிடப் பெரிய தலைமைப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. படித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் பெண்களை அந்தத் தேர்தலுக்குத் தயார்ப்படுத்த எத்தனை கல்லூரிகள் முனைந்திருக்கின்றன? நிறுவன வேலைக்குத் தயார்ப்படுத்தும் அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

சான்றிதழில் சேர வேண்டிய ஒரு வரி

பழைய காலம் திரும்ப வேண்டியதில்லை. திரும்பினால் பாதிப் பேர் மறுபடியும் வெளியே நிற்க வேண்டியிருக்கும். இன்றைய வகுப்பின் அகலம் இருக்கட்டும். அதற்குள் அன்றைய பொறுப்பின் கனத்தை வைக்க வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் அல்ல.

விடுதி உணவுக் குழுவுக்குப் புகார் எழுதும் உரிமையோடு கொள்முதல் பட்ஜெட்டில் ஒரு பகுதியையும் கொடுக்கலாம். துறை விழாவை மாணவர்களே நடத்தட்டும். வரவு செலவைப் பலகையில் ஒட்டட்டும். செயலாளர் பதவி வாயாடிக்கே போய்ச் சேராமல் முறைவைத்துச் சுற்றட்டும். டேப் கிழித்துக் கொடுத்த பெண்ணுக்கும் ஒரு மாதம் வரட்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் 240 மணி நேரத்தில் பாதியை, மரம் நட்டுப் படம் எடுப்பதற்குப் பதிலாக, ஒரே தெருவில் ஒரே வேலையை ஒரு வருடம் தொடர்ந்து செய்வதற்கு ஒதுக்கலாம். நட்ட மரம் அடுத்த கோடையில் இருக்கிறதா என்று நட்டவரே போய்ப் பார்த்து எழுத வேண்டும். தரவுப் பகுப்பாய்வு படிக்கும் மாணவர்கள் தங்கள் ஊராட்சியின் குடிநீர்க் கணக்கையே எடுத்துக்கொண்டு, கிடைத்த முடிவைக் கிராமசபையில் நின்று சொல்லட்டும். அங்கே வரும் கேள்விகள் எந்தப் பயிற்சியாளரும் கேட்காதவையாக இருக்கும்.

சான்றிதழிலும் ஒரு வரி கூட்டலாம். எத்தனை மணி நேரம் வகுப்பில் இருந்தார் என்பதோடு, எந்த வேலைக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு பணத்துக்கு இவர் பொறுப்பாக இருந்தார் என்றும் எழுத வேண்டும். வேலைக்கு ஆளெடுக்கிற நிறுவனமும் முதலில் அந்த வரியைத்தான் படிக்கும்.

இதற்கெல்லாம் கல்லூரி நிர்வாகங்கள் சொல்லும் ஆட்சேபம் தெரிந்ததுதான்: பிள்ளைகள் தப்புப் பண்ணிவிடுவார்கள், சண்டை வரும், கணக்கு உதைக்கும். உதைக்கத்தான் செய்யும். கத்திரிக்காய் மூட்டையின் அடியைப் பார்க்காமல் வாங்கி ஏமாந்த மெஸ் செயலாளர்கள்தான் அடுத்த வாரம் மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அந்த ஏமாற்றத்தின் செலவை ஒரு விடுதி தாங்கிக்கொண்டது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தலைமை கற்றுத்தரக் கோடிகளை ஒதுக்கும் மாநிலம், அவர்கள் செய்யப்போகும் தப்புக்கும் அதில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும்.